நாற்காலியில் உட்கார்ந்தால் கடல் தெரியுமா?

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுபவர் தக்கலையைச் சேர்ந்தவர். கேரளக் கோவளத்தின் கடற்கரை விடுதிகளில் அறைப் பராமரிப்புப் பிரிவில் 30 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: எங்கள் 25-ஆவது திருமண நாளுக்குக் கேரளக் கடற்கரையில் ஒரு பெரிய விடுதியில் ‘சன்செட் வியூ’ அறை எடுத்தோம். அதற்கென்று தனியாகப் பணமும் கட்டினோம். போய்ப் பார்த்தால் எழுந்து நின்று எட்டிப் பார்த்தால்தான் கடல் தெரிந்தது. அடுத்த முறை ஏமாறாமல் இருக்க என்ன கேட்க வேண்டும்? (வாசகி, மதுரை)

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கண் முன்னால் வந்தது பால்கனியின் கைப்பிடிச் சுவர். விளம்பரத்துக்குப் படம் எடுக்கிறவர் நின்றுகொண்டு எடுப்பார். தங்க வருகிறவருக்கு நாற்காலியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டே பார்க்க ஆசை. சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் நம் கண் தரையிலிருந்து நாலடிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் இருக்கும். தாழ்வான சாய்வு நாற்காலி என்றால் மூன்றடிதான். கைப்பிடிச் சுவரோ பல இடங்களில் மூன்றரை அடி, அதுவும் முழுக்கச் சிமெண்டு. அப்படிப்பட்ட பால்கனியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் சூரியன் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே சுவருக்குப் பின்னால் இறங்கிவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

அதனால் முதல் கேள்வி: பால்கனித் தடுப்பு கம்பியா, கண்ணாடியா, சுவரா? கம்பி என்றால் நிம்மதி. கண்ணாடி அழகுதான், ஆனால் கடல் காற்றில் உப்பு வரும். காலையில் பளிச்சென்று துடைத்த கண்ணாடி மாலை நாலு மணிக்குள் வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் சாய்ந்து அதன்மேல் விழும்போது கடலே தெரியாது, மஞ்சள் புகை மாதிரி இருக்கும். எங்கள் பிரிவில் மேற்குப் பக்க அறைகளுக்கு மட்டும் நாலரை மணிக்கு இன்னொரு முறை துடைக்கும் வழக்கம் வைத்திருந்தோம். முதலில் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கரைக்க வேண்டும். வெறும் துணியால் தேய்த்தால் உப்பு இழுபட்டுக் கண்ணாடி முழுக்கக் கோடு கோடாகப் பரவும். எல்லா விடுதியிலும் இந்த இரண்டாவது முறை இருக்காது. நீங்கள் நாலு மணிக்கு ஹவுஸ்கீப்பிங்கை அழைத்து, “பால்கனிக் கண்ணாடியைத் தண்ணீர் விட்டுத் துடைத்துத் தாருங்கள்” என்று சொல்லுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மேற்குப் பக்க அறையின் அருமை தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று நாங்கள் சந்தோஷப்படுவோம்.

அப்புறம் அந்தச் சொற்கள். ‘சீ வியூ’, ‘சீ ஃபேசிங்’, ‘பார்ஷியல் சீ வியூ’ என்பவற்றுக்கு எல்லா விடுதிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. சீ ஃபேசிங் என்றால் அறை கடல் இருக்கும் திசையைப் பார்க்கிறது என்று மட்டும் அர்த்தம். நடுவில் தென்னந்தோப்போ இன்னொரு கட்டடமோ இருக்கலாம். பார்ஷியல் என்றால் பக்கவாட்டில் ஒரு கீற்று. ‘சன்செட்’ என்ற சொல்லை எதனோடு வேண்டுமானாலும் ஒட்டிவிடுகிறார்கள். ஆகவே சொல்லை நம்பாதீர்கள். அந்த அறையின் நாற்காலியில் உட்கார்ந்தபடி மாலை ஆறு மணிக்கு எடுத்த ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல விடுதி என்றால் அனுப்புவார்கள். நான் பலமுறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

மாடியையும் கேளுங்கள். தரைத்தளத்தில் செடி வேலி மறைக்கும். முதல் மாடியில் பெரும்பாலும் தென்னங்குருத்து நேர் எதிரே நிற்கும். இரண்டாவது மாடிக்கு மேல் பிரச்சினை குறைவு. 1991-இல் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்த பிறகு அலைக்கு மிக அருகில் புதிதாகக் கட்ட முடிவதில்லை. அதனால்தான் பழைய விடுதிகள் கடலை ஒட்டியும் புதியவை தள்ளியும் இருக்கின்றன. தள்ளி இருக்கும் விடுதியில் மாடி உயரம் இன்னும் முக்கியமாகிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் பணம் கட்டும் அன்று உங்களுக்கு இன்ன அறை என்று முடிவாகாது. யாருக்கு எந்த அறை என்று நாங்கள் பிளாக் செய்வது நீங்கள் வருவதற்கு முந்தின நாள் மாலை. அன்று ஒரு போன் செய்து, “திருமண நாளுக்கு வருகிறோம், உட்கார்ந்து அஸ்தமனம் பார்க்கிற மாதிரி அறை வேண்டும்” என்று சொன்னால் அந்த வகையிலேயே நல்ல அறை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆறு மாதம் முன்பு எழுதிய மின்னஞ்சலை விட இந்த ஒரு போனுக்குப் பலன் உண்டு.

கேள்வி: ஜனவரி விடுமுறையில் கோவளம் போக இணையத்தில் அறை பார்க்கிறேன். ஒரே பெயரில் வேறு வேறு ஊர்கள் வருகின்றன. அஸ்தமனம் பார்க்க எது சரி? கன்னியாகுமரியே போதுமா? (வாசகர், சேலம்)

நல்ல வேளை, பணம் கட்டுவதற்கு முன் கேட்டீர்கள். கோவளம் மூன்று இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்று, கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் மீனவர் ஊர் ஒன்று, திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் கேரளக் கோவளம். சென்னைக் கோவளத்தில் சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் விழாது. புதிதாகக் கல்யாணமான ஒரு பையனும் பெண்ணும் சென்னைக் கோவளத்தில் அறை பதிவு செய்துவிட்டு எங்கள் வாசலில் பெட்டியோடு வந்து நின்றார்கள். பதிவுச் சீட்டைப் பார்த்த அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்று ஒரு அறை காலியாக இருந்ததால் சமாளித்தோம். விடுதி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கன்னியாகுமரியில் சூரியன் கடலுக்குள் இறங்குவதை அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவு வரை நன்றாகப் பார்க்கலாம். மற்ற மாதங்களில் சூரியன் வடக்கே நகர்ந்து கரைப் பக்கம் போய்விடும். அங்கே விடுதிகளில் கூடுதல் வாடகை உதயம் தெரிகிற கிழக்குப் பக்க அறைக்குத்தான். அஸ்தமனத்துக்கு ஊருக்கு மேற்கே இருக்கும் சன்செட் பாயிண்டுக்குப் போக வேண்டியிருக்கும். கேரளக் கோவளத்தின் கரை தென்கிழக்கிலிருந்து வடமேற்காகப் போவதால் வருடம் முழுவதும் சூரியன் கடலில்தான் இறங்கும். ஜனவரிக்கு இரண்டுமே சரி. அறையை விட்டு வெளியே வராமல் பார்க்க ஆசை என்றால் கேரளக் கோவளம்.

மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும். ஆனாலும் தொடுவானத்தை ஒட்டி ஒரு சாம்பல் பட்டை நிற்கும், சூரியன் தண்ணீரைத் தொடாமல் அதற்குள்ளேயே மங்கிப் போகும் நாட்கள் உண்டு. எனக்குப் பிடித்தது நவம்பர். பிற்பகலில் இடி மழை பெய்து காற்றைக் கழுவிவிட்டுப் போகும். அதற்கப்புறம் ஐந்தரை மணிக்கு மேற்கே மேகம் கிழிந்தால், அந்த நிறங்களை நான் ஜனவரியில் பார்த்ததே இல்லை. மழை நிற்காமல் ஏமாற்றும் நாளும் வரும். அதனால் இரண்டு இரவாவது தங்குங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. வாடகை இறங்கும், ஆனால் பல நாள் சூரியனே தெரியாது. கடலில் கால் வைக்கவும் விடமாட்டார்கள். அஸ்தமன நேரம் நவம்பர் நடுவில் ஆறு மணியை ஒட்டி இருக்கும், ஜூலையில் ஆறேமுக்கால் ஆகும்.

கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை உள்ள வாரத்தைத் தவிருங்கள். வாடகை ஏறுவது ஒரு பக்கம். பல விடுதிகளில் 24, 31 இரவுகளின் விருந்துக்கும் கட்டாயம் பணம் கட்டச் சொல்வார்கள். மேடை போடுகிறேன், விளக்கு மாட்டுகிறேன் என்று மாலை முழுக்கப் புல்வெளியில் சத்தமாக இருக்கும்.

கேள்வி: தேனிலவுக்கு மாலத்தீவு போகிறோம். தண்ணீர் மேல் கட்டிய வில்லாக்களில் ‘சன்செட்’, ‘சன்ரைஸ்’ என்று இரண்டு விலை போட்டிருக்கிறார்கள். கூடுதலாகக் கொடுக்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

நான் அங்கே வேலை பார்த்ததில்லை. எங்களிடம் பயிற்சி எடுத்த பிள்ளைகள் பலர் அங்கே இருக்கிறார்கள், அவர்கள் சொல்லித் தெரிந்தது இது. மரப்பாலத்தின் இரண்டு பக்கமும் வில்லாக்கள் வரிசையாக இருக்கும். மேற்கைப் பார்த்த வரிசைக்கு விலை அதிகம். சின்னத் தீவு என்பதால் மேற்குக் கரைக்கு நடந்து போய்ப் பார்ப்பது பெரிய காரியம் இல்லை. கிழக்குப் பக்க வில்லாவில் மதியத்துக்கு மேல் முன்தளத்தில் நிழல் விழும், நாள் முழுக்க வெளியே இருக்கலாம். நீந்துவதில் விருப்பம் என்றால் கிழக்கே போதும் என்பேன். இரண்டு பேரும் மாலையில் யார் கண்ணிலும் படாமல் உட்கார வேண்டும் என்றால் கொடுங்கள், தேனிலவுக்குப் போகிறவர்களுக்கு அது நியாயமான ஆசைதான்.

கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். மாலேயில் நீங்கள் இறங்குவது பிற்பகல் தாண்டிவிட்டால் முதல் இரவு அங்கேயே தங்க நேரிடும். சில தீவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருப்பார்கள், அதனால் அஸ்தமனம் எத்தனை மணிக்கு என்பதைத் தீவு நேரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக்கு மேல் வரியும் வரும். 2025 ஜனவரியிலிருந்து பசுமை வரி மட்டும் ரிசார்ட்டுகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர்.

கேள்வி: கொழும்பில் உறவினர் கல்யாணம். இரண்டு நாள் கூடுதலாகக் கடலோரம் தங்க எண்ணம். (வாசகி, யாழ்ப்பாணம்)

கொழும்பிலேயே தங்குவதானால் காலி முகத்திடல் ஓட்டல். 1864-இல் தொடங்கியது. அலைக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட திறந்த தளம் இருக்கிறது. அங்கே அறை எடுக்காவிட்டாலும் மாலைத் தேநீருக்குப் போய் உட்காரலாம். கொஞ்சம் தெற்கே போக முடியும் என்றால் அகுங்கல்ல என்ற கடலோர ஊர். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1981-இல் திறந்த டிரைடன் ஓட்டல் இப்போது ஹெரிட்டன்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. வாசலில் இறங்கினால் வரவேற்புக் கூடம், நீச்சல் குளம், கடல் மூன்றும் ஒரே மட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். குளத்துத் தண்ணீர் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். மே மாதத்துக்கு மேல் அந்தக் கரையில் மழையும் கொந்தளிப்பும்தான். கொழும்புக்கும் நம் ஊருக்கும் ஒரே கடிகாரம் என்றாலும் கோவளத்தை விட ஏறக்குறைய பத்து நிமிடம் முன்னதாகவே அங்கே சூரியன் இறங்கிவிடும்.

கேள்வி: சூரியன் மறைய இரண்டு நிமிடம். அதைக் கடற்கரையில் சும்மா உட்கார்ந்தே பார்க்கலாமே. எதற்கு ஓரிரவுக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம்? (வாசகர், ஈரோடு)

சும்மாவே பார்க்கலாம், தாராளமாக. அலை வந்து போகிற மணல் எந்த விடுதிக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது. குடும்பத்தோடு ஒரு சாதாரண லாட்ஜில் தங்கி மாலையில் மணலில் உட்காருங்கள். குறைவாகப் பார்த்தோம் என்று நினைக்க வேண்டியதே இல்லை. வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த இரண்டு நிமிடம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விளிம்பு தண்ணீரைத் தொட்டதிலிருந்து முழுக்க மறைய இரண்டு நிமிடத்துக்கு மேல் கொஞ்சம், அது சரி. நல்ல நிறம் வருவது அதற்கப்புறம். பத்து, இருபது நிமிடம் வரை கீழ்வானம் ஆரஞ்சிலிருந்து சிவப்பாகி ஊதாவாகும். நம் பக்கத்தில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் இருட்டு சீக்கிரம் வந்துவிடும், அதனால் அந்த இருபது நிமிடத்தில் நிமிடத்துக்கு நிமிடம் நிறம் மாறும். கடற்கரையில் சூரியன் மறைந்த உடனே எல்லோரும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து போவதை மாடியிலிருந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று கத்திச் சொல்லத் தோன்றும்.

பணம் கொடுத்து அறை எடுக்கிறவருக்குக் கிடைப்பது அந்த அரைமணி நேர அமைதி. அதை யோசித்துக் கட்டிய இடங்கள் குறைவு. கோவளத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்காக கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா 1969-இல் தொடங்கி வடிவமைத்த விடுதி அப்படிப்பட்டது. குன்றின் மேல் ஒரு பெட்டியைத் தூக்கி வைக்காமல், சரிவோடு சேர்ந்து படிப்படியாக இறங்குகிற மாதிரி கட்டினார். முன்வரிசை பின்வரிசையை மறைக்காது. அறைக்கு முன்னால் அவரவருக்கு ஒரு திறந்த தளம். இப்போது அது கை மாறி, பெயர் மாறி, நிறைய கட்டடங்கள் சேர்ந்துவிட்டன. அந்தச் சரிவை மட்டும் பாருங்கள், புரியும்.

அறை எடுத்தால் ஒன்று செய்யுங்கள். மேற்கைப் பார்த்த அறை மதியம் இரண்டு மணிக்கு மேல் அடுப்பு மாதிரி சுடும். பன்னிரண்டு மணிக்கே கனமான திரையை இழுத்து மூடிவிட்டு, ஐந்து மணிக்குத் திறங்கள். சூரியன் மறைந்த பிறகு பால்கனி விளக்கைப் போடாதீர்கள். போட்டால் கண்ணுக்கு வெளிச்சம் பழகிவிடும், வானத்து நிறம் தெரியாது.

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். கடலில் சூரியன் மறைவதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். செலவைப் பற்றிக் கவலையில்லை. எங்கே கூட்டிப் போகலாம்? (வாசகர், திருச்சி)

தம்பி, கட்டாயம் கூட்டிப் போங்கள். தள்ளிப் போட வேண்டாம்.

முதலில் போகக் கூடாத இடங்கள். கோவளத்தில் கலங்கரை விளக்கக் கடற்கரையை ஒட்டிய விடுதிகள் பலவற்றுக்குக் கார் போகாது. நடைபாதையும் படிகளும்தான். வர்க்கலையில் குன்றின் மேலிருந்து பார்ப்பது அற்புதம்தான். உயரத்தில் இருப்பதால் கீழே மணலில் நிற்கிறவரை விடச் சூரியன் அரை நிமிடம் கூடுதலாகக் கண்ணில் நிற்கும். ஆனால் அந்த ஓரப் பாதை குறுகலானது, மேடு பள்ளமானது. சக்கர நாற்காலிக்கு ஆகாது.

விடுதியில் கேட்க வேண்டியவை இவை. கார் நிற்கும் இடத்திலிருந்து அறை வரை ஒரு படிகூட இல்லாமல் போக முடியுமா? சாய்தளம் இருக்கிறது என்பார்கள், எவ்வளவு செங்குத்து என்று கேளுங்கள். உணவு கொண்டு போகும் தள்ளுவண்டிக்காகப் போட்ட சாய்தளத்தில் ஆளை வைத்துத் தள்ள முடியாது. குளியலறைக் கதவின் அகலம் எத்தனை அங்குலம்? சாதாரண சக்கர நாற்காலி 25, 26 அங்குலம் இருக்கும். நிறைய விடுதிகளில் அந்தக் கதவு 24 தான். பால்கனிக்குச் சறுக்குக் கதவு என்றால், அடியில் தண்டவாளம் மாதிரி ஒரு கட்டை எழும்பி நிற்கும். இரண்டு அங்குலம்தான், ஆனால் முன்சக்கரம் அதில் மாட்டிக்கொள்ளும். மடித்த கனமான துண்டு போட்டால் ஏறாது. இரண்டு பக்கமும் சரிவாகச் சீவிய மரக்கட்டை வேண்டும். விடுதியின் தச்சரிடம் முந்தின நாளே சொன்னால் அரைமணி நேரத்தில் செய்து தருவார்.

2000-களின் நடுவில் கும்பகோணத்திலிருந்து ஒரு அம்மாவை அவர் மகள் கூட்டி வந்தார். நடக்க முடியாது. வாழ்நாள் முழுக்கக் காவிரிக் கரை, கடலில் சூரியன் விழுந்து பார்த்ததே இல்லை. அறை நல்ல அறை, பால்கனிச் சுவர்தான் உயரம். நாற்காலியில் உட்கார வைத்தால் அவருக்கு வானம் மட்டும் தெரிந்தது. மகள் ஒன்றும் சொல்லாமல் நின்றார். நானும் என்னுடன் வேலை பார்த்த இரண்டு பையன்களும் விருந்துக் கூடத்தில் மேடை போட வைத்திருந்த மரப்பலகையைத் தூக்கி வந்தோம். அரையடி உயரம் இருக்கும். அதை விரித்து, அசையாமல் இருக்க நாலு மூலைக்கும் பழைய துண்டை மடித்துக் கொடுத்து, அதன்மேல் கை வைத்த பிரம்பு நாற்காலியைப் போட்டு, அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தோம். நாற்காலியின் பின்னால் ஒரு பையன் பிடித்துக்கொண்டே நின்றான். அவர் என் மணிக்கட்டை விடவில்லை. சூரியன் பாதி இறங்கியபோது, “ரொம்ப மெதுவா போறதே” என்றார். மறைந்த பிறகு இறக்கிவிடலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்று தலையசைத்தார். கலங்கரை விளக்கத்தின் ஒளி சுற்ற ஆரம்பித்து, மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் தொடுவானத்தில் ஒவ்வொன்றாகத் தெரிந்த பிறகுதான் இறங்கினார். அன்றிலிருந்து அந்தப் பலகையில் ஒன்றை மாடிச் சாமான் அறையிலேயே வைத்துவிட்டேன்.

அப்பாவுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு கேளுங்கள். கேட்டால் செய்வார்கள். மேற்குப் பக்கம் ஐந்து மணி வரை தரையோடு சுடும், ஐந்தே கால் ஆன பிறகு வெளியே கொண்டு வாருங்கள். எந்தப் பக்கம் பக்கவாதம் என்று எழுதவில்லை. கழுத்து சுலபமாகத் திரும்புகிற பக்கம் சூரியன் இருக்கும்படி நாற்காலியைப் போடுங்கள். தொப்பியும் ஒரு மெல்லிய போர்வையும் வைத்திருங்கள், இருட்டியதும் காற்று மாறும்.

விடுதியே ஒத்து வராது என்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் கன்னியாகுமரிக்கு வாருங்கள். சன்செட் பாயிண்டில் கார் கரைக்குப் பக்கம் வரை போகும். கதவைத் திறந்து வைத்து இருக்கையில் இருந்தபடியே அப்பா பார்க்கலாம். கூட்டம் சேர்வதற்கு முன் ஐந்து மணிக்கே போய் முன்வரிசையில் நிறுத்தச் சொல்லுங்கள், சூரியன் மறைந்ததும் டிரைவர் வண்டியை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.